ஆறு நாள் காய்ச்சல், மார்புக்குக் கீழே நோவில்லாத கறுத்த அயறு: திங்கள் வரை பொறுக்கலாமா?

குளக்கட்டு (வெள்ளி, இரவு 8.10)

வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். மாமிக்கு, 52 வயது, இன்றோடு ஆறு நாளாகக் காய்ச்சல். குளிரும் நடுக்கமும், பொறுக்க முடியாத தலையிடி, உடம்பெல்லாம் உளைவு. மூன்றாம் நாள் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். டெங்கு என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்தார்கள், டெங்கு இல்லை என்று வந்தது. பிளேட்லெட் மட்டும் கொஞ்சம் குறைவு. அமொக்சிசிலினும் பனடோலும் தந்து அனுப்பினார்கள். பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது, நாலு மணித்தியாலத்தில் திரும்பவும் ஏறுகிறது.

இன்று பின்னேரம் மச்சாள் அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், ஒரு கறுத்த அயறு (காய்ந்த பொருக்கு) இருப்பதைக் கண்டிருக்கிறாள். கச்சான் பருப்பை விடச் சிறியது. சுற்றிவரச் சிவந்த வளையம். சுருட்டு நெருப்புப் பட்ட இடம் போல இருக்கிறதாம். அமுக்கினால் நோவில்லை, சொறியவும் இல்லை. மாமிக்கே அது இருப்பது தெரியாது. வயிற்றில் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகளும் போட்டிருக்கின்றன. அம்மம்மா கிரந்தி என்கிறார்.

முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. பல வருடம் பாராமல் பற்றை பிடித்துக் கிடந்தது. கச்சான் போடுவதற்காக மாமாவும் மாமியும் சென்ற மாதக் கடைசியில் தொடங்கி இரண்டு கிழமை அதை வெட்டித் துப்புரவாக்கினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? திங்கட்கிழமை திரும்பக் கிளினிக்குக்குக் கொண்டுபோகலாம் என்று மாமா சொல்கிறார்.

இரவுப்பணி (வெள்ளி, 8.25)

தம்பி, திங்கள் வரை வேண்டாம். இன்றைக்கே கொண்டுபோங்கள். நான் வன்னியில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். இங்கிருந்து நோய் இன்னதென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு கிழமையை நெருங்கும் காய்ச்சல், பற்றை வெட்டின வேலை, மடிப்புக்குள் நோவில்லாத கறுத்த அயறு, இந்த மூன்றும் சேர்ந்தால் வார்ட்டில் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது உண்ணிக்காய்ச்சல்.

மாமிக்கு மூச்சு வாங்குகிறதா? பேச்சில் தடுமாற்றம், மயக்கம், சிறுநீர் குறைவு, கண் மஞ்சள், ஏதாவது இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வான் தேடி நேரத்தைப் போக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். இல்லாவிட்டாலும் இரவே போவதுதான் நல்லது. டொக்டரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். "பற்றை வெட்டினவர், மார்புக்குக் கீழே இப்படி ஒரு அயறு இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சனம் நிறைந்த ஓபிடியில் சட்டையைக் கழற்றிப் பார்க்க எல்லா நேரமும் முடிவதில்லை. நீங்கள் சொன்னால் பார்ப்பார்கள்.

அந்த அயறைக் கிள்ள வேண்டாம், எண்ணெய் மஞ்சள் பூச வேண்டாம். டொக்டர் அதை அப்படியே பார்க்கட்டும்.

குளக்கட்டு (வெள்ளி, 8.41)

மூச்சு கொஞ்சம் வாங்குகிறது அக்கா. இருமலும் இருக்கிறது, தடிமன் என்று நினைத்தோம். அம்புலன்சுக்கு அடித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் நாய் இல்லை, மாடும் இல்லை. உண்ணி எங்கிருந்து வந்திருக்கும்?

மணற்கேணி (வெள்ளி, 9.30)

குளக்கட்டு, இதை நீங்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர். இப்போது வெளி மாகாணத்தில் வேலை, ஊர் மல்லாவி.

"உண்ணிக்காய்ச்சல்" என்ற பெயரே ஆட்களைத் தவறாகக் கொண்டுபோகிறது. உண்ணி என்றதும் நாயின் காதில், மாட்டின் மடியில் கொழுத்துத் தொங்குவதைத்தான் நாம் நினைப்போம். பற்றைக்காட்டிலிருந்து வருவது அது இல்லை. இது சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, ஆறு கால். கண்ணுக்குப் படுவதே அரிது. வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் மட்டும் எலி போன்ற பிராணிகளின் தோலில் ஒட்டிச் சில நாள் திசுநீரைக் குடிக்கும். அது காத்திருக்கிற புல்லிலும் இலைச்சருகிலும் நாம் போய் உட்கார்ந்தால் நம்மிலும் ஏறும். கடித்தது தெரியவே தெரியாது. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதால், நாயும் மாடும் இல்லாத காணியிலும் அது தலைமுறை தலைமுறையாக இருக்கும்.

பழைய பெருங்காட்டை விட, ஒருகாலத்தில் வெட்டி வெளியாக்கிப் பிறகு கைவிடப்பட்டுப் புல்லும் பற்றையுமாக மூடிய நிலம்தான் இதற்கு வாய்ப்பான இடம். வன்னியில் அப்படிப்பட்ட நிலம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. ஜப்பானியப் பெயர், "கேடு தரும் பூச்சி" என்ற பொருள். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் இருந்த படைகளை இது நன்றாக வாட்டியது. கடித்து ஆறிலிருந்து 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்து நாளளவில், காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் வருமுன்பே கடித்த இடத்தில் ஒரு சிறு பரு எழும்பி, கொப்புளமாகி, நடுவில் கருகி அயறு பிடிக்கும். அந்த இடத்துக்கு அண்மையில் நெறி கட்டும். ஆகவே கமக்கட்டிலோ அரையிலோ காரணமில்லாமல் நெறி கட்டியிருந்தால், அதைச் சுற்றியுள்ள தோல் முழுவதையும் தேட வேண்டும்.

தோலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோட்டை விடுவது இங்கேதான். புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்முடைய தோலில் அந்தச் சிவப்புப் புள்ளிகள் தெரியாமலே வந்து போய்விடும். வந்தால் முதல் கிழமையின் கடைசிப் பகுதியில், நெஞ்சிலும் வயிற்றிலும் முதுகிலும் தொடங்கிக் கை கால்களுக்குப் பரவும். பெரும்பாலும் சொறியாது. பகல் வெளிச்சத்தில், வயிற்றிலும் முன்கையின் உட்பக்கத்திலும் பாருங்கள். குழல் விளக்கில் தெரியாது. புள்ளியின் மேல் ஒரு கண்ணாடிக் கிளாசை வைத்து அமுக்கினால் தொடக்கத்தில் மறையும். அமுக்கியும் மறையாத ஊதாப் புள்ளிகள் என்றால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள், எந்த நோயாக இருந்தாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி.

அயறும் எப்போதும் கறுப்பாக இருக்காது. கமக்கட்டு, தொடையிடுக்கு போன்ற ஈரமான இடங்களில் அயறு உரிந்து, மேலோட்டமான வெளிறிய புண்ணாகத்தான் தெரியும். வியர்வைப் புண் என்று பவுடர் போட்டுவிடுவார்கள். அயறே இல்லாத நோயாளிகளும் நிறைய உண்டு. ஆகவே அது இருந்தால் பெரிய துப்பு. இல்லாவிட்டால் அந்த நோய் இல்லை என்று முடிவெடுக்க முடியாது.

பழைய வாத்தியார் (சனி, காலை 6.05)

பிள்ளைகளே, ஒன்றைச் சொல்லட்டும். அந்த அயறு உடுப்பு மூடுகிற இடத்தில்தான் இருக்கிறது. சாறத்து முடிச்சுக்குக் கீழே, பாவாடைக் கயிறு இறுக்குகிற இடத்தில், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில். நம்முடைய ஆட்கள் அங்கே புண் இருந்தால் வீட்டில் மனைவிக்கும் சொல்வதில்லை. டொக்டர் பெண் பிள்ளை என்றால் ஆண்கள் சொல்வதில்லை, ஆண் என்றால் பெண்கள் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் ஒன்பது நாள் காய்ச்சலோடு கிடந்தார். கால் முதல் தலை வரை சோதித்ததில் விதைப்பையில் அயறு இருந்தது. குளிக்கும்போது கண்டிருக்கிறார். வெட்கத்தில் வாய் திறக்கவில்லை.

2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவுக்குள் போக வழியே இல்லை. முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. கத்தியால் வெட்டித்தான் கிணற்றைக் கண்டுபிடித்தோம். அந்த நாட்களில் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் மலேரியா நினைவுதான், ஒரு தலைமுறையே அப்படித்தான் பழகியது. 2012ஓடு நாட்டுக்குள் மலேரியா தொடர்ந்து பரவுவது நின்றுவிட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. இப்போது மலேரியா இருந்த இடத்தில் டெங்கு உட்கார்ந்திருக்கிறது. டெங்கு இல்லை என்று தாள் வந்ததும் "அப்பாடா" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

குளக்கட்டு (சனி, 7.20)

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் அனுமதித்திருக்கிறார்கள். டொக்டர் அயறைப் பார்த்த உடனேயே தலையாட்டினார். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், நுரையீரலில் கொஞ்சம் சளித் தேக்கம் மாதிரி இருக்கிறதாம். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். டொக்சிசைக்கிளின் தொடங்கியாயிற்று. இரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றார். அது சரியா? சோதனை முடிவு இல்லாமல் மருந்து கொடுப்பது?

மணற்கேணி (சனி, 7.55)

முற்றிலும் சரி. வழக்கமான இரத்தப் பரிசோதனை தேடுவது கிருமியை இல்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்பொருளை. அது உருவாக ஒரு கிழமையளவு வேண்டும். முதல் நாட்களில் எடுத்த இரத்தம் "இல்லை" என்று சொன்னாலும் நோய் இருக்கலாம். காத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை, இதயம் என்று போய்விடும்.

அமொக்சிசிலின் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த வகை மருந்துகள் கிருமியின் வெளிச்சுவரைக் குலைத்துக் கொல்பவை. இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளே புகுந்து வாழ்வது, அந்த மருந்து பிடித்துக் குலைக்கக்கூடிய சுவரும் இதற்குப் பெரிதாக இல்லை. ஊசியாகப் போடும் செப்ட்ரையக்சோனும் அப்படித்தான். டொக்சிசைக்கிளின் உயிரணுவுக்குள் போய் வேலை செய்யும். வழக்கமாக 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். கடுமையான நோயில் டொக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றைத் தனியாகக் கொடுப்பதை விட நல்ல பலன் தருகிறது என்று 2023இல் ஒரு இந்திய ஆய்வு காட்டியது. தேவையா என்பதை வார்ட்டில் இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள்.

முகமாலை (சனி, 1.15)

நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஐந்து வருடம் இருந்தேன். எங்கள் வேலையே முழங்காலில் நின்று, முகம் மண்ணுக்குக் கிட்ட, பற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு போவதுதான். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் அந்தப் புல்லுக்குள் இருந்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு வந்தது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில். எட்டு நாள் காய்ச்சல். தலைக்குள் யாரோ மரம் அரிவது போல. நான் இரண்டு பிள்ளைகளின் தாய், வீட்டில் வேறு உழைப்பாளி இல்லை, ஐந்தாம் நாளும் வேலைக்குப் போக வெளிக்கிட்டு வாசலில் விழுந்தேன். அக்காதான் தலை இழுத்துவிடும்போது சீப்பு தட்டுப்பட்டுக் கண்டாள். அதுவரை நான் பார்த்த ஒருவரும் என் முடியை விலக்கிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும்தான் தெரியவில்லை. காய்ச்சல் போன பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இடது காது மந்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அணியில் பின்னேரம் குளித்த உடனே ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கத் தொடங்கினோம். காது மடல் பின்பக்கம், கழுத்து, கமக்கட்டு, தொப்புள், அரை, முழங்காலின் பின்பக்கம். ஐந்து நிமிடம்தான். உடுத்தியிருந்த உடுப்பைக் கதிரையில் போடாமல் நேரே சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிடுவோம். சாப்பிட உட்காரும்போது வெறும் புல்லில் உட்காருவதை விட்டுவிட்டோம், தறப்பாள் விரிப்போம். காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகுவோம்.

ஸ்காபரோக்காரன் (சனி, 9.50)

இங்கே கனடாவில் உண்ணி என்றால் லைம் நோய். வட்ட வட்டமாக அம்பு எறியும் பலகை போலச் சிவப்புத் தடிப்பு வரும் என்று பூங்காக்களில் படம் போட்டிருப்பார்கள். அப்பாவின் முதுகில் அப்படி ஒரு வட்டம். அவர் சென்ற மாதம்தான் கிளிநொச்சியிலிருந்து வந்தவர். சொறி அதிகம், ஓரத்தில் செதில் உதிர்கிறது. இதுவும் அந்த உண்ணிக்காய்ச்சலா?

மணற்கேணி (சனி, 10.20)

சொறிச்சல், ஓரத்தில் செதில், காய்ச்சல் இல்லை என்றால் படர்தாமரையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அது பூஞ்சணம், பூசும் மருந்தில் மாறும். குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

லைம் வேறு கிருமி, வேறு உண்ணி. அங்கே கடிப்பது கண்ணால் பார்க்கக்கூடிய கருங்கால் உண்ணி, நீங்கள் இருக்கும் பக்கம் ரூஜ் பள்ளத்தாக்கிலும் உண்டு. அந்தத் தடிப்பு கடித்து மூன்றிலிருந்து 30 நாளுக்குள் வரும், நாளுக்கு நாள் பெருகி ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போகும், பெரும்பாலும் நோவும் சொறியும் இராது. நடுவில் வெளுத்த வளையம் எல்லோருக்கும் வருவதில்லை. வெறும் சிவந்த வட்டமாகவே பலருக்கு இருக்கும், அதனால் படத்தில் உள்ளது போல இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. வன்னியில் நாம் தேடுவது பெருகும் வட்டத்தை இல்லை, கருகிய சிறு அயறை. நம் நாட்டின் மலைநாட்டில் உண்ணியால் வரும் புள்ளிக்காய்ச்சல் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் புள்ளிகள் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் வரும். கண்டிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அதையும் நினைவில் வைத்திருங்கள். மருந்து அதற்கும் டொக்சிசைக்கிளின்தான்.

நெடுங்கேணிப் பிள்ளை (ஞாயிறு, 8.30)

என் தங்கச்சி ஏழு மாதக் கர்ப்பிணி, விறகுக்குப் போகிறவள். அவளுக்கு இப்படி வந்தால் இந்த மருந்து கொடுக்கலாமா? வயலுக்கு இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்கு என்று தந்த டொக்சிசைக்கிளின் குளிசை வீட்டில் மிச்சம் இருக்கிறது.

இரவுப்பணி (ஞாயிறு, 9.05)

தங்கச்சி, அந்த மிச்சக் குளிசையைத் தொடவே வேண்டாம். அது எலிக்காய்ச்சலைத் தடுக்க, சுகாதார வைத்திய அதிகாரி ஆளைப் பார்த்துக் கணக்குப் பார்த்துத் தந்தது. கர்ப்பிணிக்கு டொக்டர்மார் பொதுவாக அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் இந்தக் காய்ச்சல் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அதனால் இரண்டாம் நாளே ஆஸ்பத்திரி. குடும்பநல உத்தியோகத்தரின் போன் நம்பர் வீட்டில் எல்லோரிடமும் இருக்கட்டும். இப்போதைக்கு விறகுக்கு வேறு யாராவது போகட்டும்.

இன்னொன்று. காய்ச்சலின் காரணம் தெரியும் வரை புறூபன், டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. டெங்குவில் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தொடங்கும், பிறகு வரும் தடிப்பு சொறியும். உண்ணிக்காய்ச்சல் மருந்தில்லாமல் கிழமை தாண்டியும் விடாது. இரண்டிலும் பிளேட்லெட் குறையலாம், அதை மட்டும் வைத்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

குளக்கட்டு (திங்கள், காலை 6.40)

நேற்றிரவு மாமி முதல் தடவையாகக் காய்ச்சல் இல்லாமல் நித்திரை கொண்டார். ஒட்சிசன் எடுத்துவிட்டார்கள். காலையில் கஞ்சி கேட்டார். மச்சாள் அழுதுவிட்டாள்.

குளக்கட்டு (செவ்வாய், இரவு 7.15)

மாமாவுக்கு இன்று மத்தியானம் தொடக்கம் உடம்பு சுடுகிறது. தலையிடி. ஆஸ்பத்திரியில் நித்திரை முழித்த அலுப்பு என்கிறார். அவர் மாமியோடு அதே காணியில் வெட்டினவர், கடைசி நான்கு நாளும் தனியாகத்தான் வெட்டினார்.

இரவுப்பணி (செவ்வாய், 7.19)

பார்த்தீர்களா? முழுக்கப் பார்த்தீர்களா?

குளக்கட்டு (செவ்வாய், 7.22)

கமக்கட்டு, முதுகு, காது, கழுத்து எல்லாம் பார்த்தோம். ஒன்றுமில்லை. சாறத்தை அவிழ்க்க விடுகிறார் இல்லை.

பழைய வாத்தியார் (செவ்வாய், 7.26)

தம்பி, பெண் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் அறைக்குள் போங்கள். முகமாலைப் பிள்ளை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்.

குளக்கட்டு (செவ்வாய், 7.48)

இருக்கிறது. சாறம் கட்டுகிற இடத்துக்குக் கீழே, வலது தொடையிடுக்கில். கறுப்பாக இல்லை, மணற்கேணி ஐயா எழுதியது போலவே வெளிறிய சின்னப் புண். பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது. அவர் மூன்று நாளாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வான் வாசலில் நிற்கிறது, மாஞ்சோலைக்குப் போகிறோம்.